கப்பல் வாங்கினோம்... காப்பாற்றினோமா?

(பூலாம்பாடியில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

'விடுதலைப் போரில் முஸ்லிம்கள்' என்ற தலைப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் நீங்கள் எத்தனையோ உரைகளைக் கேட்டிருப்பீர்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வாளேந்திய நிலையில் ஷஹீதான திப்பு சுல்தானைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். நாடு கடத்தப்பட்டு 1862-ல் ரங்கூனில் உயிர்விட்ட பகதூர் ஷாவைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். 1921 நவம்பரில் மாப்பிள்ளைப் போராளிகளைச் சரக்கு வேகனில் அடைத்துத் திரூரிலிருந்து அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது சுமார் எழுபது பேர் மூச்சுத் திணறி இறந்து கிடந்தார்கள். அதைக் கேட்டுக் கண் கலங்கியிருப்பீர்கள்.

பெயர்ப் பட்டியல் வாசிக்கப்படுகிறது. தக்பீர் முழங்குகிறது. கூட்டம் முடிந்து வீடு திரும்புகிறோம். மறுநாள் காலை கடை திறக்கிறோம். அந்தப் பட்டியலுக்கும் நம் கடைக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை!

அதனால்தான் சகோதரர்களே, இன்று நான் பட்டியல் வாசிக்கப் போவதில்லை. ஒரு போராட்டத்தின் அன்றாட நிகழ்ச்சிகளை மட்டும் சொல்லப் போகிறேன். யாரும் சாகாத நாட்கள், பத்திரிகையில் வராத நாட்கள், பங்குப் பத்திரம் விற்ற நாட்கள், டிக்கெட் கிழித்த நாட்கள், கடைக்கதவைச் சாத்திய நாட்கள். ஒரு சமுதாயம் எப்படிச் செத்தது என்பதைப் பட்டியல் சொல்லும். எப்படி நின்றது, எங்கே சரிந்தது என்பதை அன்றாட நாட்கள்தான் சொல்லும்.

கடல் யாருடையது?

பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் உங்கள் ஊருக்கும் கடலுக்கும் வெகுதூரம். ஆனாலும் கடல் தாண்டிப் பிழைக்கப் போகிறவர்களின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளுக்கு ஒரு டிக்கெட்டின் விலை என்ன என்பது நன்றாகத் தெரியும். அந்த விலையை யார் தீர்மானிக்கிறான் என்பதும் தெரியும்.

நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இந்தக் கேள்வி தூத்துக்குடியில் எழுந்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் நம் மரைக்காயர்கள் சொந்தப் பாய்மரக் கப்பல்களில் இலங்கைக்கும் கிழக்கு நாடுகளுக்கும் சரக்கேற்றிப் போனவர்கள். நீராவிக் கப்பல் வந்தது. அத்தோடு பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியும் வந்தது. தூத்துக்குடி - கொழும்புப் பாதை அவர்கள் கைக்குப் போனது. சரக்கு உன்னுடையது, பணம் உன்னுடையது, கடலும் உன் கரையில்தான் இருக்கிறது. ஆனால் கட்டணம் அவன் சொல்வது! இதுதான் அன்றைய நிலைமை.

அந்தக் கம்பெனிக்குத் தூத்துக்குடியில் ஏஜெண்டாக இருந்தவர்கள் ஹார்வி சகோதரர்களின் நிறுவனத்தார். அங்கே இருந்த கோரல் மில் என்ற பஞ்சாலையும் அவர்களுடையதுதான். பருத்தி விளைவிக்கும் பெரம்பலூர்க்காரர்களே, கவனியுங்கள். உழவன் விளைத்த பஞ்சை நூலாக்கும் ஆலையும் அவனுடையது. கொழும்புக்குப் போகும் கப்பலும் அவனுடையது. கலெக்டரும் போலீசும் அவனுக்குக் காவல். காலனி ஆட்சி என்றால் துப்பாக்கி மட்டுமல்ல. முதலில் அது ஒரு விலைப்பட்டியல்!

இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு

இதை மாற்ற முனைந்தவர் வழக்கறிஞர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. சைவ நூல்களில் ஆழ்ந்த பற்றுக் கொண்டவர். 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர்.

நாற்பதாயிரம் பங்குகளை விற்பது என்றால் என்ன என்று வியாபாரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேடையில் ஒரு முறை முழங்கினால் விற்றுவிடாது. ஊர் ஊராகப் போக வேண்டும். வாசல் வாசலாக நிற்க வேண்டும். 'கப்பலா? வெள்ளைக்காரனோடு போட்டியா? போட்ட பணம் திரும்ப வருமா?' என்ற கேள்விக்கு நூறு முறை பதில் சொல்ல வேண்டும். போராட்டத்தின் முதல் களம் அதுதான்.

அந்த நேரத்தில் எழுந்து நின்றார் ஒரு முஸ்லிம் வணிகர். ஹாஜி முகமது பக்கீர் சேட். 8000 பங்குகள்! இரண்டு லட்சம் ரூபாய்! மூலதனத் திட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே கையிலிருந்து வந்தது. 1906-ல் இரண்டு லட்சம் என்றால் அது எத்தகைய தொகை என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அவர் வாளெடுக்கவில்லை. சிறை செல்லவில்லை. தன் தொழிலில் சேர்த்த ஹலாலான பொருளை, இலாபமும் நட்டமும் இரண்டுமே வரலாம் என்று தெரிந்தே, மாற்று மதச் சகோதரர் ஒருவரின் சொல்லை நம்பி வைத்தார். அது நன்கொடை அல்ல, கூட்டு வணிகம். இலாபம் வந்தால் பங்கு, நட்டம் வந்தாலும் பங்கு. வட்டிக்குக் கொடுத்தவனுக்குக் கப்பல் மூழ்கினாலும் கவலையில்லை. பங்கு போட்டவன்தான் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான். நம் மார்க்கம் வட்டியைத் தடுத்து, கூட்டு வணிகத்தை அனுமதித்ததில் இருக்கும் ஞானத்தை இங்கே எண்ணிப் பாருங்கள்!

இன்னொரு பெயர்

இந்த இடத்தில் நாம் வழக்கமாக நிறுத்திவிடுவோம். 'பார்த்தீர்களா, கப்பல் வாங்கக் காசு கொடுத்தது நம் ஹாஜியார்தான்' என்று பெருமையோடு முடித்துவிடுவோம். நான் நிறுத்தப் போவதில்லை. ஏனென்றால் இதே வரலாற்றில் இன்னொரு பெயரும் இருக்கிறது.

கம்பெனி தொடங்கியபோது சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயில் எஸ்ஸாஜி தாஜ்பாய் என்பவரின் ஷாலைன் ஸ்டீமர்ஸ் நிறுவனத்திடம் கப்பல்களைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டினார்கள். கூட்டம் ஏறியது. சரக்கு ஏறியது. பிரிட்டிஷ் கம்பெனி பார்த்தது. தூத்துக்குடியில் மோதுவதைவிடப் பம்பாயில் ஆளைப் பிடிப்பது எளிது என்று கண்டுகொண்டது. நெருக்கடி கொடுத்தது. ஷாலைன் கப்பல்கள் திரும்பப் பெறப்பட்டன.

சகோதரர்களே! இரண்டு லட்சம் கொடுத்ததும் முஸ்லிம் பெயர்தான். நெருக்கடிக்குப் பணிந்து கப்பலைத் திருப்பிக்கொண்டதும் முஸ்லிம் பெயர்தான். முதல் பெயரை மேடையில் சொல்லி இரண்டாவதை மறைத்தால் அது வரலாறு அல்ல, விளம்பரம். நமக்கு விளம்பரம் வேண்டாம், படிப்பினை வேண்டும். ஆதிக்கக்காரன் நெருக்கும்போது ஒரு வணிகன் எந்தப் பக்கம் சாய்வான் என்பதை அவனுடைய பெயர் தீர்மானிப்பதில்லை. அவனுக்குள் இருக்கும் ஈமானும், அவன் பின்னால் சமுதாயம் நிற்கிறதா என்பதும்தான் தீர்மானிக்கின்றன.

சிதம்பரனார் சோரவில்லை. கொழும்பிலிருந்து ஒரு கப்பலைக் குத்தகைக்குப் பிடித்து ஓட்டத்தை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டார். பிறகு சொந்தக் கப்பல் இல்லாமல் திரும்புவதில்லை என்ற வைராக்கியத்தோடு பம்பாய் போனார். 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் 1907-ல் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1300 பேர் போகலாம். 4000 மூட்டை சரக்கு ஏற்றலாம்.

இலவச டிக்கெட்டும் ஒரு குடையும்

கப்பல் வந்த நாள் திருவிழா. திருவிழா முடிந்த மறுநாள்தான் போராட்டம்!

பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. ஒரு ரூபாய்க்குக் கொண்டுவந்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறக்கியது. அடுத்து வெள்ளைக்காரன் என்ன செய்தான்? டிக்கெட்டே வேண்டாம், சும்மா வா என்றான். வருகிறவனுக்கு ஒரு குடையும் தருகிறேன் என்றான்! இன்னொரு பக்கம் அதிகாரிகள் சுங்கச் சோதனை, மருத்துவப் பரிசோதனை என்று சுதேசிக் கப்பல் பயணிகளைக் காக்க வைத்துத் தொல்லை கொடுத்தார்கள்.

அந்தத் துறைமுகத்தில் மூட்டையோடு நிற்கும் ஒரு சாதாரண வியாபாரியை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் எட்டணா, சோதனை, தாமதம். மறுபக்கம் இலவசம், குடை, மரியாதை. யாரும் அவன் நெற்றியில் துப்பாக்கி வைக்கவில்லை. எந்தப் பலகையில் ஏறினாலும் கொழும்பு வந்துவிடும். அவன் எந்தப் பக்கம் நடந்தான்? அந்தப் பத்தடி தூரம்தான் சகோதரர்களே விடுதலைப் போர்! அங்கே தக்பீர் இல்லை, மாலை இல்லை, பார்ப்பவர் யாருமில்லை. அல்லாஹ் ஒருவன்தான் பார்க்கிறான்.

எத்தனையோ பேர் எட்டணா கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இல்லாவிட்டால் அந்தக் கப்பல் ஒரு மாதம்கூட ஓடியிருக்காது.

குடை கொடுத்தவன் அன்புக்காகக் கொடுத்தானா? போட்டியாளன் ஒழியும் வரை நட்டத்தைத் தாங்குவான். ஒழிந்த மறுநாள் குடைக்கும் சேர்த்து வசூலிப்பான். இன்று கைப்பேசியில் விரலைத் தொட்டால் பாதி விலை, இலவச டெலிவரி, கேஷ்பேக் என்று வருகிறதே, அதன் கணக்கும் இதுதான். தெருமுனைப் பலசரக்குக் கடை மூடும் வரைதான் அந்தத் தள்ளுபடி. இளைஞர்களே, குடையை வாங்கும்போது அதன் விலையையும் சேர்த்து யோசியுங்கள்.

அதற்காக வணிகர்களே, 'நம் கடை' என்று சொல்லிக் கலப்படச் சரக்கையும் குறைந்த எடையையும் வாடிக்கையாளர் தலையில் கட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சுதேசிக் கம்பெனி வெறும் உணர்ச்சியை விற்கவில்லை. சொன்ன நாளில் கப்பலை விட்டது, நியாயமான கட்டணம் வாங்கியது. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்தவர்களுக்கு என்ன கதி என்பதை ஷுஐப் (அலை) அவர்களின் சமுதாய வரலாற்றில் படித்திருக்கிறோம்.

பஞ்சாலையின் ஒன்பது நாட்கள்

அடுத்து 1908-க்கு வருவோம். கோரல் மில்லில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். சூரியன் எழுமுன் போய், விழுந்த பின் திரும்புவார்கள். வார விடுமுறை கிடையாது. கூலி அற்பம். பிப்ரவரி 27 வியாழக்கிழமை வேலைநிறுத்தம் தொடங்கியது. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் கூட்டங்களில் பேசினார்கள்.

பேச்சு வயிற்றை நிரப்புமா? தினக்கூலிக்காரன் இரண்டாம் நாளே பட்டினி. அப்போது ஊர் எழுந்தது. வசதி படைத்தோர் பணம் கொடுத்தார்கள். வேலைநிறுத்தக்காரர்களுக்கு ஊருக்குள் மாற்று வேலைகள் பார்த்துக் கொடுத்தார்கள். நாவிதர்களும் சலவைத் தொழிலாளர்களும் மில் நிர்வாகத்தின் பக்கம் நின்றவர்களுக்கு வேலை செய்ய மறுத்தார்கள். சவரம் செய்துகொண்டிருக்கும்போதே போராட்டத்தை இகழ்ந்து பேசிய ஒரு வழக்கறிஞரைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு நாவிதர் எழுந்து போய்விட்டார் என்று அந்த ஊர் வரலாறு சொல்கிறது.

சிரிக்கிறீர்கள்! ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த நாவிதரிடம் இரண்டு லட்சம் இல்லை. சட்டப் படிப்பு இல்லை. கையில் ஒரு கத்தி இருந்தது. அதையும் அவர் வெட்டப் பயன்படுத்தவில்லை, மடக்கி வைத்தார்! ஒருநாள் கூலியை இழந்தார். அவ்வளவுதான். ஹாஜியாரின் இரண்டு லட்சத்தையும் நாவிதரின் ஒருநாள் கூலியையும் ஒரே தராசில் வைத்தால் எது கனக்கும் என்பதை நிய்யத்தை அறிந்த இறைவன்தான் அறிவான்.

மார்ச் 7-ல் நிர்வாகம் இறங்கி வந்து போராட்டம் முடிந்தது. கூலி உயர்வு கிடைத்தது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ஒன்பது நாளில்!

வெள்ளிக்கிழமை

கப்பலைப் பொறுத்துக்கொண்ட அரசு, ஆலையும் கைவிட்டுப் போவதைப் பொறுக்கவில்லை. மார்ச் 9-ல் வங்கத் தலைவர் பிபின் சந்திர பால் விடுதலையான நாளைக் கொண்டாட ஊர்வலமும் கூட்டமும் நடந்தன. மார்ச் 12-ல் சிதம்பரனாரும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் மார்ச் 13, வெள்ளிக்கிழமை. திருநெல்வேலி கொதித்தது. கடைகள் மூடப்பட்டன. நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் காவல் நிலையமும் தாக்குதலுக்குள்ளாயின. மண்ணெண்ணெய்க் கிடங்கு பற்றி எரிந்தது. போலீஸ் சுட்டதில் நான்கு உயிர்கள் போயின. தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடி வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தமுறை தங்கள் கூலிக்காக அல்ல, தங்களுக்காகப் பேசியவர்களின் விடுதலைக்காக!

இந்த ஒரு நாளைத்தான் வரலாற்றுப் புத்தகங்கள் பெரிதாக எழுதும். நான் ஒன்று சொல்கிறேன். கம்பெனி பதிவான நாளிலிருந்து கைதான நாள் வரை ஐந்நூறு நாட்களுக்கு மேல். அந்த ஐந்நூறு நாட்களும் வெள்ளையனை அச்சுறுத்தின. தீயெரிந்த ஒரு நாளோ அவனுக்கு வசதியாகப் போனது. தண்டப் போலீஸ் படையை நிறுத்தினான். அதன் செலவை ஊர் மக்கள் தலையிலேயே வரியாகப் போட்டான். வழக்குப் போட்டான், சிறையை நிரப்பினான். பஸ்ஸைக் கொளுத்தலாமா, கல்லெறியலாமா என்று துடிக்கும் இளைஞர்களுக்கு இதைச் சொல்கிறேன். எதிரி எதிர்பார்த்துக் காத்திருப்பது உன் கல்லைத்தான். அவன் அஞ்சுவது உன் கணக்குப் புத்தகத்தை!

அதற்குப் பிறகு

1908 ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீடுகளில் ஆறு ஆண்டாகக் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார்.

அவர் செக்கிழுத்த நாட்களில் தூத்துக்குடியில் என்ன நடந்தது? தலைவர் உள்ளே போனார். பங்குதாரர்களின் ஊக்கம் தளர்ந்தது. அரசின் நெருக்கடி கூடியது. கப்பலில் கூட்டம் குறைந்தது. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் யாருக்கு விற்கப்பட்டது தெரியுமா? எந்த பிரிட்டிஷ் கம்பெனியை எதிர்த்து வாங்கினார்களோ, அந்தக் கம்பெனிக்கே!

சகோதரர்களே, பீரங்கியால் அந்தக் கப்பல் மூழ்கவில்லை. ஒரு குண்டுகூட அதன் மேல் விழவில்லை. ஏறாத பயணிகளால், ஏற்றாத மூட்டைகளால், துணிந்து நிற்காத பங்குதாரர்களால் அது கை மாறியது. ஒரே ஒரு மனிதரின் தோளில் மொத்தப் பாரத்தையும் ஏற்றி வைத்தார்கள். அந்தத் தோளைச் சிறைக்குக் கொண்டுபோனதும் எல்லாம் சரிந்தது.

1912 டிசம்பர் 24-ல் விடுதலையானபோது அவரை வரவேற்க ஊர்வலம் வரவில்லை. வந்தவர்கள் சிலரே. வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. வறுமையில் வாடினார். தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழ் மக்கள் அவருக்காகக் காசு திரட்டி காந்தியடிகளிடம் கொடுத்திருந்தார்கள். அது அவர் கைக்கு வந்து சேர மூன்று ஆண்டுகளுக்கு மேலானது. தொகை 347 ரூபாய் 12 அணா. கடல் கடந்து போன கூலிகளும் சிறு வணிகர்களும் நினைவில் வைத்து ஈந்த காசு அது. 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது இறந்த பின் ஒரு பெயர்ப்பலகை அல்ல. இருந்த நாளில் நான்கு மூட்டை சரக்கு!

புறக்கணிப்பும் நீதியும்

பொருளாதார நெருக்கடி என்பது முஃமின்களுக்குப் புதிதல்ல. மக்காவில் குறைஷிகள் பனூ ஹாஷிம் குலத்தாரோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது என்று ஒப்பந்தம் எழுதி, அபூதாலிப் கணவாயில் அவர்களை ஒதுக்கினார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். இலை தழைகளைத் தின்ற நாட்கள் அவை. அப்போது ஹிஷாம் இப்னு அம்ர் என்பவர் இரவு நேரத்தில் ஒட்டகத்தில் உணவுச் சுமையை ஏற்றிக் கணவாயின் வாசல் வரை கொண்டு வந்து உள்ளே விரட்டிவிடுவார். அன்று அவர் முஸ்லிம் அல்ல. ஆனால் நீதியுணர்வு உள்ளவர். அந்த அநியாய ஒப்பந்தத்தை முறித்ததிலும் அவருக்கு முன்வரிசை இடம் உண்டு. நமக்கு வெளியிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கைகோர்க்க வேண்டும். ஹாஜியாரும் சிதம்பரனாரும் கைகோர்த்தது அந்த வழியில்தான்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். யமாமாவின் தலைவர் துமாமா (ரலி) இஸ்லாத்தை ஏற்றதும் மக்காவுக்குப் போகும் தானியத்தை நிறுத்திவிட்டார். மக்கா பசியில் வாடியது. தம்மைக் கணவாயில் பட்டினி போட்ட அதே மக்களுக்காக, அந்தத் தானியத்தை விட்டுவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) சொல்லியனுப்பினார்கள். 2022-ல் கர்நாடகத்தில் கோயில் திருவிழாக்களில் முஸ்லிம்கள் கடை போடக்கூடாது என்று தடுத்தார்கள். அதற்குப் பதிலாக நாமும் மதம் பார்த்து வாங்குவது, விற்பது என்று இறங்கினால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு? ஆதிக்கத்தைப் புறக்கணிப்பது வேறு, அண்டை வீட்டாரைப் புறக்கணிப்பது வேறு!

உலகத்திலும் இந்தப் பாடம் உண்டு. ஈரானில் மன்னர் புகையிலை வணிகம் முழுவதையும் ஓர் ஆங்கிலேயனுக்குத் தாரை வார்த்தார். 1891-ல் உலமாக்களும் கடைத்தெருவும் ஒன்றுபட்டுப் புகையிலையையே கைவிட்டார்கள். அடுத்த ஆண்டே ஒப்பந்தம் ரத்து! அல்ஜீரியாவில் 1957 ஜனவரி 28-ல் எட்டு நாள் கடையடைப்பு தொடங்கியது. பிரெஞ்சு இராணுவம் வண்டிகளைக் கொண்டு கடைக்கதவுகளைப் பிய்த்து எறிந்தது. அந்தக் கடையடைப்பு முறியடிக்கப்பட்டது, மக்கள் முறியவில்லை. 1962-ல் விடுதலை கிடைத்தது. ஒரு வல்லரசின் படை ஏன் ஒரு பெட்டிக்கடையின் கதவோடு மல்லுக்கட்ட வேண்டும்? அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் சக்தி அவனுக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை!

டிசம்பர் 7 எங்கே?

இனி நம் கதைக்கு வருவோம். 1992 டிசம்பர் 6-ல் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அந்த நாளில் ஆண்டுதோறும் ஆர்ப்பாட்டம் நடத்துகிறோம். இளைஞர்கள் திரண்டு வருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். 2020 பிப்ரவரியில் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வண்ணாரப்பேட்டையில் பெண்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். நாடே பார்த்தது. ஆனால் நான் கேட்கிறேன்: டிசம்பர் 6-க்கு வந்த இளைஞனை டிசம்பர் 7-ல் எங்கே தேடுவது? ஆர்ப்பாட்டத்துக்கு வேன் பிடிக்க ஆயிரம் ரூபாய் கொடுக்கும் வணிகர், மாதம் ஐம்பது ரூபாய் சந்தாவுக்கு ஏன் நான்கு முறை நடக்க வைக்கிறார்?

சிறிதானாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நம் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். இதைத் தொழுகைக்கும் நோன்புக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டோம். சமுதாயப் பணிக்கும் இதுதான் இலக்கணம்.

எனவே இந்த ஊருக்கு நான்கு வேலைகளைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

ஒன்று, வாக்காளர் பட்டியல். மஹல்லாவில் பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொரு ஆணின் பெயரும் பெண்ணின் பெயரும் அதில் இருக்கிறதா? எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா? தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். இதற்கு மாலை போட மாட்டார்கள். பெயர் விடுபட்ட நாளில்தான் இதன் அருமை தெரியும்.

இரண்டு, பைத்துல்மால். வட்டிக்காரனிடம் போய் நிற்கும் சிறு வியாபாரிக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க ஒரு நிதி. ஹாஜியாரைப் போல எட்டாயிரம் பங்கு போடும் ஒருவருக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு பங்கு போடும் நூறு பேர் போதும். ஒரே தோளில் ஏற்றிய கப்பலின் கதியைத்தான் பார்த்தோமே!

மூன்று, கணக்கு. குர்ஆனிலேயே நீளமான வசனம் எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது! பள்ளிவாசல் கணக்கு, வக்ஃபு நிலத்தின் குத்தகைக் கணக்கு, அமைப்பின் வசூல் கணக்கு ஆகிய எல்லாம் மாதந்தோறும் பலகையில் ஒட்டப்பட வேண்டும். 347 ரூபாயோடு அந்தப் 12 அணாவையும் எழுதி வைத்த சிதம்பரனாரின் நேர்மை நமக்கும் வேண்டும்.

நான்கு, தலைவர் இல்லாத நாளுக்குத் தயாராவது. இங்கே பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் வேலையைத் தெரிந்த இன்னொருவரை உருவாக்க வேண்டும். ஒருவர் கைதானால், நோயுற்றால், வெளிநாடு போனால், மறுநாள் காலை வேலை நிற்கக் கூடாது. நாளை நான் வராவிட்டாலும் பூலாம்பாடியில் இந்தக் கூட்டம் நடக்க வேண்டும்.

'இந்த நாட்டுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்' என்று கேட்கிறவனுக்குப் பதில் சொல்ல நம்மிடம் பெயர்கள் நிறைய உண்டு. மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி வேறு. உன் வாலிபத்தை எதில் கழித்தாய், உன் பொருளை எப்படிச் சேர்த்தாய், எதில் செலவழித்தாய் என்று கேட்கப்படும். அங்கே ஹாஜி பக்கீர் சேட்டின் இரண்டு லட்சத்தை நம் கணக்கில் காட்ட முடியாது. அது அவருடைய கணக்கு. நம் கணக்கு நாளைக் காலை கடை திறக்கும்போது தொடங்குகிறது.

அந்தக் கணக்கை நேர்மையாக எழுதும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.